ஒட்டுத்துணிப் போர்வையில் ஆடும் மானும் கூழைக்கடாவும்: அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

சேரன்மகாதேவியில் தையல் மெஷின் போட்டு உட்கார்ந்து 19 வருஷம் ஆகிறது. ரவிக்கையும் சுடிதாருமாகத் தைத்துக்கொண்டிருந்தவள்தான். மிஞ்சின வெட்டுத்துணி மூட்டை மூட்டையாகச் சேர்ந்து வீட்டில் நடக்க வழியில்லாமல் போனதும் போர்வை தைக்க ஆரம்பித்தேன். முதலில் வெறும் கட்டம், பிறகு மீன், பிறகு யானை. இப்போது கடைக்கு வருகிறவர்களும் போனில் கேட்கிறவர்களும் திரும்பத் திரும்பக் கேட்பதை ஒரே இடத்தில் எழுதி வைக்கிறேன். குயில்ட் என்று சொன்னாலும் சரி, ஒட்டுப்போர்வை என்று சொன்னாலும் சரி, இரண்டும் ஒன்றுதான்.

நம்ம ஊரு வெயிலுக்கு இம்புட்டு தடிமனா ஒரு போர்வை எதுக்குக்கா?

சித்திரை, வைகாசியில் பாளையங்கோட்டையில் படுக்கிறவருக்குப் போர்வையே தேவையில்லை, ஒத்துக்கொள்கிறேன். ஆனால் ஆனி, ஆடியில் சாரல் இறங்கிவிட்டால் தென்காசி, செங்கோட்டை, பாபநாசம் பக்கத்து வீடுகளில் விடியற்காலம் முழங்காலை மடக்கிக்கொண்டுதான் தூங்க வேண்டும். மார்கழிப் பனி எல்லா ஊருக்கும் பொது. இப்போது பாதி வீட்டில் ஏ.சி. வேறு.

தடிமனாக இருக்க வேண்டும் என்று கட்டாயமும் இல்லை. குயில்ட் என்றால் மேல்துணி, நடுவில் பஞ்சு, அடித்துணி என்று மூன்று அடுக்கு. மூன்றையும் சேர்த்துப் பிடிக்கும் தையல். நடுவில் பஞ்சுக்குப் பதில் பழைய பருத்திச் சேலை ஒன்றை மடிக்காமல் விரித்து வைத்தால் துப்பட்டி கனத்தில் ஒரு போர்வை கிடைக்கும். திருநெல்வேலிக்கு நான் பெரும்பாலும் தைப்பது அதைத்தான். மலைப்பக்கம் போகிற உருப்படிக்கு மட்டும் பஞ்சு ஷீட்.

இது வெளிநாட்டு வித்தைதானே?

பெயர்தான் அங்கேயிருந்து வந்தது. வங்காளத்தில் பழைய சேலைகளை அடுக்கி ஓட்டுத் தையல் போட்டுச் செய்யும் போர்வைக்குக் காந்தா என்று பெயர். நம் ‘கந்தையானாலும் கசக்கிக் கட்டு’வில் வரும் கந்தையும் அதே வேர்ச்சொல்தான். அந்தக் காந்தாவில் யானை, குதிரை, மீன், மயில் எல்லாம் நூலாலேயே நடமாடும். கர்நாடகத்தில் கவுதி, மராத்தியில் கோதடி. நம் பக்கம் ஆச்சிமார் கிழிந்த சேலையை நாலாக மடித்துச் சுற்றி ஓட்டுப் போட்டுத் தொட்டிலுக்குள் விரித்ததும் இந்த வேலைதான், படம் மட்டும் கிடையாது.

வெளிநாட்டு வித்தையை நாம் எடுத்துக்கொண்டதும் நடந்திருக்கிறது. இடையன்குடியில் கால்டுவெல்லின் மனைவி எலைசா பெண்களுக்கு லேஸ் பின்னக் கற்றுக்கொடுத்தார். இன்றைக்கு அதை இடையன்குடி லேஸ் என்றுதான் சொல்கிறோம். அப்படி ஒரு துண்டு கிடைத்தால் பூநாரையின் இறக்கைக்கு வைத்துப் பாருங்கள். நான் ஒரே ஒரு தடவை வைத்தேன், அதை விற்க மனசு வரவில்லை.

எந்த விலங்கு நல்லா வரும்?

போனில் படம் அனுப்புகிறவர்கள் பத்தில் எட்டுப் பேர் ஒட்டகச்சிவிங்கி, பாண்டா, கோலா என்று அனுப்புகிறார்கள். தைத்துத் தருகிறேன், ஆனால் முழு மனசோடு அல்ல. நாம் கண்ணால் பார்த்த உயிரை வரையும்போது கை தானாக ஓடும். பார்க்காததை வரைந்தால் பொம்மையைப் பார்த்து இன்னொரு பொம்மை செய்தது மாதிரி ஆகிவிடும்.

என்னுடைய சோதனை ஒன்றுதான்: படத்தை முழுக்கக் கருப்பாக அடித்துவிட்டுப் பாருங்கள். கண், வாய், கோடு எதுவும் இல்லாமல் வெறும் நிழலைப் பார்த்தே இன்னது என்று ஒரு சின்னப் பிள்ளை சொல்லிவிட்டால் அது போர்வைக்கு ஆகும். யானை தேறும், மயில் தேறும், சேவல் தேறும். நேரே முகம் காட்டி உட்கார்ந்த நாய் தேறாது. பக்கவாட்டில் நிற்கும் சிப்பிப்பாறை நாய் நன்றாகத் தேறும். ஒட்டிய வயிறும் வளைந்த முதுகும் நீண்ட மூஞ்சியும் போதும்.

நம் சுற்றுவட்டாரத்தில் நான் தைத்துப் பழகியவற்றில் சிலதைச் சொல்கிறேன்.

வல்லநாட்டு வெளிமானுக்கு மூன்று துணி போதும். ஆணுக்கு மேலே கருப்பு அல்லது கரும்பழுப்பு, வயிற்றுக்கும் கண்ணைச் சுற்றியும் வெள்ளை, திருகின கொம்புக்குச் சாம்பல் நாடா. பெண்மான் வெளிர்பழுப்பு, கொம்பு கிடையாது. ஒரு ஆணுக்கு நான்கு பெண் என்று கட்டங்களில் நிறுத்தினால் மந்தை போலவே இருக்கும். வல்லநாட்டுக் குன்றை 1987-இல் சரணாலயமாக அறிவித்தார்கள். தூத்துக்குடிக்குப் பஸ்ஸில் போகிறபோது வல்லநாடு வந்தால் நான் இன்னும் ஜன்னல் பக்கம் எட்டிப் பார்ப்பேன். ஒரு தடவைகூடக் கண்ணில் பட்டதில்லை. உள்ளே போய்ப் பார்த்ததுதான்.

வேம்பூர் ஆடு ஒட்டுத்துணிக்கென்றே பிறந்த ஆடு. வெள்ளை உடம்பில் ஒழுங்கில்லாத செம்பழுப்புத் திட்டு. காடாத் துணியில் உடம்பை வெட்டி, மிஞ்சின பழுப்புத் துண்டுகளைக் கைக்கு வந்தபடி ஒட்டினால் முடிந்தது. திட்டு ஒரே மாதிரி இருந்தால்தான் தப்பு. கன்னி ஆடு இன்னும் சுலபம். கருப்பு உடம்பு, முகத்தின் இரண்டு பக்கமும் இறங்கும் வெள்ளைக் கோடு. அந்தக் கோட்டை விட்டுவிட்டால் அது ஏதோ ஒரு கருப்பு ஆடு. கோடு போட்ட பிறகுதான் கன்னி.

கூந்தன்குளத்துப் பறவைகளில் கூழைக்கடாவுக்குப் பெரிய கட்டம் வேண்டும். தொங்கும் பையோடு கூடிய அலகுதான் அதன் அடையாளம், அதைச் சின்னதாக்கினால் வாத்தாகிவிடும். மஞ்சள் மூக்கு நாரையில் வெள்ளை, கருப்பு, மஞ்சளோடு வால் பக்கம் ஒரு துளி இளஞ்சிவப்பு. அந்தத் துளிக்காகவே ஒரு பட்டுத் துண்டை எடுத்து வைத்திருந்தேன். வரித்தலை வாத்துக்கு வெள்ளைத் தலையில் இரண்டு கருப்புப் பட்டை. அதை நூலிலேயே போட்டுவிடலாம்.

அணிலுக்குத் துணியை வெட்டி ஒட்ட வேண்டியதே இல்லை. கோடு போட்ட சாரத் துணியில் (கைலித் துணி) கோடு முதுகு நீளத்துக்கு ஓடுகிற மாதிரி வைத்து வெட்டினால் துணியே வேலையைச் செய்துவிடும். முண்டந்துறைப் புலியும் அப்படித்தான், காவியில் கருப்புக் கோடு போட்ட துண்டு கிடைத்தால். கிடைப்பதுதான் கஷ்டம்.

எனக்குப் படம் வரைய வராது. கோலம் மட்டும் போடுவேன்.

கோலம் போடத் தெரிந்தவருக்குப் பாதி வேலை முடிந்தது. இதை நான் விளையாட்டாகச் சொல்லவில்லை. கோல நோட்டில் நேர்ப்புள்ளி வைத்தால் புள்ளிக்குப் புள்ளி சதுரம் கிடைக்கிறது. இடைப்புள்ளி வைத்தால் தேன்கூடு போல அறுகோணம் கிடைக்கிறது. துண்டுத்துணி வேலையும் இந்த இரண்டில்தான் நிற்கிறது.

சதுரத்துக்கு: கட்டம் போட்ட கணக்கு நோட்டில் 12-க்கு 12 கட்டம் எடுத்து, விலங்கின் உடம்பு விழும் கட்டங்களை மட்டும் நிறம் அடியுங்கள். ஒரு கட்டம் ஒரு துணித்துண்டு. 2 இஞ்ச் சதுரமாக 144 துண்டு வெட்டி, கால் இஞ்ச் உள்வாங்கித் தைத்தால் ஒவ்வொன்றும் ஒன்றரை இஞ்சாக நிற்கும். மொத்தம் 18 இஞ்ச் படம். இந்த அளவில் மீன், கோழி, யானை, பூனை வரும். மானின் கொம்பு வராது, ஏணிப்படி மாதிரி தெரியும். கொம்பை மட்டும் மேலே நாடாவால் தைத்துக்கொள்ள வேண்டும். சாய்வு வேண்டிய இடத்தில், அதாவது யானையின் முதுகு, மீனின் வால் போன்ற இடங்களில், ஒரு சதுரத்தை இரண்டு முக்கோணமாக்கி இரண்டு நிறம் கொடுத்தால் படிக்கட்டு மறையும். முக்கோணத்துக்குச் சதுரத்தைக் கொஞ்சம் பெரிதாக வெட்ட வேண்டும்: தைத்து முடித்த அளவோடு முக்கால் இஞ்சும் அதன்மேல் ஒரு நூலும் (ஒரு நூல் என்றால் எட்டில் ஒரு பங்கு இஞ்ச்), அதாவது எட்டில் ஏழு பங்கு இஞ்ச், சேர்த்துக்கொள்ளுங்கள்.

அறுகோணத்துக்கு: ஆமை. வேறு எதையும் யோசிக்கவே வேண்டாம். பழைய கல்யாணப் பத்திரிகை அட்டையில் ஒரே அளவு அறுகோணங்கள் வெட்டி, ஒவ்வொன்றின் மேலும் துணியைப் போர்த்தி ஓரத்தை மடித்து இழையோட்டிக்கொண்டு, ஓரத்தோடு ஓரம் கையால் தைத்துச் சேர்த்துவிட்டு, கடைசியில் அட்டையை உருவிவிடுங்கள். நடுவில் ஒன்று, சுற்றி ஆறு, அதற்கும் சுற்றி பன்னிரண்டு. 19 துண்டில் ஆமை ஓடு தயார். பஸ்ஸில், ஆஸ்பத்திரி வரிசையில், டி.வி. முன்னால் என்று எங்கே உட்கார்ந்தும் செய்யலாம்.

சிக்குக் கோலத்தை மட்டும் துணியில் கொண்டுவர நினைக்காதீர்கள். அதை மூன்று அடுக்கையும் பிடிக்கும் மேல்தையல் கோடாக ஓட்டலாம், அழகாக இருக்கும். துண்டாக வெட்ட முடியாது.

வளைவு வளைவான உருவத்தை எப்படி ஒட்டுவது? என்னிடம் இருப்பது மிதி மெஷின், சிக்ஸாக் கிடையாது.

என்னிடமும் மிதி மெஷின்தான். ஓரம் பிரியாமல் சுத்தமாக வர ஒரு வழி இருக்கிறது.

மெல்லிய பேஸ்டிங் கேன்வாஸ் வாங்குங்கள். ஒரு பக்கம் பசை மினுமினுக்கும், மறுபக்கம் சாதாரணமாக இருக்கும். சாதாரணப் பக்கத்தில் யானையை வரையுங்கள். பசைப் பக்கம் துணியின் நல்ல பக்கத்தைத் தொடுகிற மாதிரி வைத்து, வரைந்த கோட்டின் மேலேயே முழுக்கச் சுற்றித் தைத்துவிடுங்கள். திறப்பு விட வேண்டாம். வெளியே ஒரு நூல் அகலம் விட்டு வெட்டி, வளைவுகளில் கத்தரி முனையால் நறுக்கு கொடுங்கள். இனி கேன்வாஸை மட்டும் நடுவில் சின்னதாகக் கீறி, அந்த வழியாக உள்வெளியாகத் திருப்புங்கள். தும்பிக்கை நுனி, வால் நுனிகளைத் தேய்ந்த பென்சிலால் தள்ளிவிடுங்கள். இப்போது ஓரமெல்லாம் உள்ளே போய், பசை பின்பக்கம் வந்திருக்கும். பின்னணித் துணியில் வைத்து இஸ்திரிப் பெட்டியை அழுத்தினால் ஒட்டிக்கொள்ளும். பிறகு ஓரத்தோடு ஒட்டி ஒரு தையல். வரைந்தபடியேதான் வரும், இடம் வலம் மாறாது.

தும்பிக்கையை விரல் பருமனுக்குக் குறைத்து வரைந்தால் திருப்பவே முடியாமல் கிழியும். ஒன்றேகால் இஞ்சுக்குக் கீழே போகாதீர்கள். வால் போன்ற மெல்லிசானதை எல்லாம் நூலால் போடுங்கள்.

கையால் தைக்கப் பொறுமை உள்ளவர்கள் காஜாத் தையலை நெருக்கமாக ஓரம் முழுக்கப் போடலாம். கருப்பு நூலில் போட்டால் படப் புத்தகம் மாதிரி இருக்கும்.

நிறம் எப்படிப் பொருத்துவது? கடையில் நல்லா இருந்தது, தைத்த பிறகு மான் கண்ணிலேயே படவில்லை.

பச்சைத் துணியில் பழுப்பு மான் வைத்திருப்பீர்கள். நிறம் வேறாக இருந்தாலும் இரண்டும் ஒரே அளவு கருமை உள்ளதாக இருந்தால் கண் பிரித்துப் பார்க்காது. காட்டில் மான் ஒளிந்துகொள்வதும் அப்படித்தானே!

துணிகளைப் பக்கத்தில் பக்கத்தில் விரித்துவைத்து, கருக்கலில் விளக்குப் போடாமல் பாருங்கள். அந்த நேரத்தில் நிறம் அடங்கிப்போய் வெளுப்பும் கருப்பும் மட்டும்தான் நிற்கும். இரண்டும் ஒன்றாகக் கலந்து தெரிந்தால் ஒன்றை மாற்றுங்கள். அவசரமென்றால் போனில் கருப்பு வெள்ளைப் படம் எடுத்தும் பார்க்கலாம்.

யானை சாம்பலாகவும் கிளி பச்சையாகவும் இருந்தாக வேண்டும் என்று யாரும் சட்டம் போடவில்லை. நிழல் சரியாக இருந்தால் நீல யானையும் யானைதான். நான் பூப்போட்ட ரவிக்கைத் துணியில் யானை தைத்திருக்கிறேன். பின்னணி மட்டும் வெறும் நிறமாக, பூவில்லாமல் இருக்க வேண்டும். யானையும் பூ, பின்னணியும் பூ என்றால் திருவிழாக் கூட்டத்தில் பிள்ளையைத் தொலைத்த கதைதான். வெயிலில் காயப்போடும் வீட்டுக்குக் கருநீலமும் கருப்பும் சீக்கிரம் வெளுக்கும் என்பதையும் நினைவில் வையுங்கள்.

பச்சைப்பிள்ளைக்குக் கருப்பு ஆகாது என்று சில வீட்டில் சொல்வார்கள். அதற்கு விவாதம் வேண்டாம், கன்னி ஆட்டைக் கரும்பழுப்பில் தைத்துக் கொடுத்துவிடுவேன்.

காந்திமதி யானை மாதிரி தைத்துத் தர முடியுமா?

நெல்லையப்பர் கோயில் காந்திமதி 2025 ஜனவரியில் இறந்த பிறகு இதைக் கேட்காத மாதம் இல்லை. தைக்கிறேன். நெற்றியில் பட்டம், கழுத்தில் மணி, காதின் ஓரத்திலும் தும்பிக்கையின் மேலும் வெளிறிய இளஞ்சிவப்புப் புள்ளிகள். வயதான யானைகளுக்கு வரும் அந்தப் புள்ளிகளை முடிச்சுத் தையலால் போட வேண்டும். அதற்கே ஒரு நாள் போகும். முகபடாமுக்குச் சரிகை வைக்கச் சொல்வார்கள். சரிகை தோலில் உராயும், போர்த்துகிற போர்வைக்கு வேண்டாம். சுவரில் மாட்டுவதானால் வைக்கலாம்.

என்ன அளவில் தைக்கலாம்? எவ்வளவு துணி வாங்கணும்?

முதலில் கட்டிலை அளந்துவிட்டு வாருங்கள். ஒற்றைக் கட்டில் மெத்தை நம் பக்கம் பெரும்பாலும் 36-க்கு 72 அல்லது 75 இஞ்ச். இரட்டைக் கட்டில் 60-க்கு 78, பெரியது 72-க்கு 78. இரண்டு பக்கமும் கால்மாட்டிலும் தொங்குவதற்கு 9 முதல் 12 இஞ்ச் சேர்க்க வேண்டும். பாயில் படுக்கிறவர்களுக்குத் தொங்கல் வேண்டாம், ஆளின் உயரத்தோடு ஒரு அடி சேர்த்தால் போதும்.

பிள்ளைப் போர்வைக்கு 36-க்கு 48. ஆறு இஞ்ச் கட்டமாக வைத்தால் அகலத்தில் 6, நீளத்தில் 8, மொத்தம் 48 கட்டம். ஒவ்வொன்றையும் ஆறரை இஞ்சாக வெட்ட வேண்டும். 44 பன்னாத் துணியில், அதாவது 44 இஞ்ச் அகலத் துணியில், குறுக்கே ஆறு கட்டம் விழும், எட்டு வரிசை என்றால் 52 இஞ்ச். ஒன்றரை மீட்டர் வாங்கினால் சரியாக இருக்கும். பருத்தி சுருங்கும் என்பதால் நான் ஒன்றேமுக்கால் வாங்குவேன்.

பெரியவர் போர்வைக்கு 60-க்கு 84. இதற்கு 12 இஞ்ச் கட்டம்தான் நல்லது. 5-க்கு 7, மொத்தம் 35 கட்டம். பன்னிரண்டரை இஞ்சாக வெட்டினால் 44 பன்னாவில் குறுக்கே மூன்றுதான் விழும், ஆகவே 12 வரிசை, 150 இஞ்ச். நான்கு மீட்டர் கேளுங்கள். 35 கட்டத்திலும் விலங்கு வைத்தால் கண் அலையும். ஒன்று விட்டு ஒன்று வைத்தால் 18 விலங்கு, 17 வெறுங்கட்டம். கண்ணுக்கும் இதம், வேலையும் பாதி.

அடித்துணிக்கு நான் கடையில் வெட்டு வாங்குவதில்லை. எட்டு முழப் பருத்தி வேட்டி ஒன்றை நடுவில் வெட்டி, நீளவாட்டு ஓரங்களைச் சேர்த்துத் தைத்தால் ஏறக்குறைய 72-க்கு 99 இஞ்ச் கிடைக்கும். 60-க்கு 84 போர்வைக்குச் சுற்றிலும் தாராளமாகவே மிஞ்சும். மேல்துணியைவிட அடித்துணி ஒவ்வொரு பக்கமும் 2 இஞ்ச் கூடுதலாக இருக்க வேண்டும், தைக்கத் தைக்க அது உள்ளே இழுக்கும். கரையை முதலிலேயே வெட்டி எடுத்துவிடுங்கள். ஜரிகைக் கரை சுருங்காது, துணி சுருங்கும்.

ஓரப் பட்டிக்கு இரண்டரை இஞ்ச் அகலத்தில் எட்டுத் துண்டு, மொத்தம் 20 இஞ்ச், அரை மீட்டருக்குக் கொஞ்சம் கூடுதலாக வேண்டும். நேர்த்துணியே போதும். வளைந்த ஓரம் வைத்தால் மட்டும் மூலைவாட்டில் கிராஸ் பீஸ் வெட்டுங்கள்.

தையல் கடை வெட்டுத்துணியிலேயே முழுசும் தைக்கலாமா?

தைக்கலாம். ஆனால் மூட்டையைப் பிரித்துப் பிரித்து வையுங்கள். டூ பை டூ ரவிக்கைத் துணி, பாப்ளின், கைத்தறி ஒரு பக்கம். யூனிஃபார்ம் பேன்ட் துணியும் டெரிகாட்டனும் வேறு பக்கம். இரண்டையும் கலந்தால் இஸ்திரிச் சூட்டில் ஒன்று சுருங்கும், இன்னொன்று பளபளத்துக் கருகும். பட்டு வழுக்கும், பின்னால் மெல்லிய கேன்வாஸ் ஒட்டித்தான் வெட்ட வேண்டும்.

துணி தேடி அலைய விரும்புகிறவர்களுக்கு: திருநெல்வேலி டவுன் ரதவீதிகளில் வெட்டுத்துணி கிடைக்கும். சங்கரன்கோவில், புளியங்குடிப் பருத்திச் சேலைகள் மிருதுவானவை, பழசானால் இன்னும் மிருது. ஒரு சேலை ஐந்தரை மீட்டர் என்று கணக்குப் பாருங்கள், கடையில் துணி வாங்குவதைவிட எத்தனையோ மடங்கு லாபம்.

சாயம் போகுமா? உப்புப் போட்டு ஊறவைத்தால் நிற்குமா?

இதில் சூடு பட்டிருக்கிறேன். செக்கச்செவேல் என்று ஒரு ரவிக்கைத் துண்டில் சேவல் கொண்டை வெட்டி, வெள்ளைக் காடாவில் வைத்து, துவைத்துப் பார்க்காமல் கொடுத்துவிட்டேன். முதல் துவையலிலேயே போர்வை முழுக்க ரோஸ். கொடுத்தவர் ஒன்றும் சொல்லவில்லை, அதுதான் இன்னும் கஷ்டமாக இருந்தது. வேறு தைத்துக் கொடுத்தேன்.

உப்பும் வினிகரும் கடையில் வாங்கின துணியின் சாயத்தை நிறுத்தாது. சாயம் போடுகிற நேரத்தில் உப்புக்கு வேலை உண்டு, பிறகு கிடையாது. செய்ய வேண்டியது ஒன்றுதான்: ஈர வெள்ளைத் துண்டை மேலே வைத்துச் சூட்டோடு இஸ்திரி அழுத்துங்கள். வெள்ளையில் நிறம் ஏறினால், தண்ணீர் தெளியும்வரை தனியாக அலசுங்கள். நாலு அலசலுக்கும் தெளியவில்லை என்றால் அந்தத் துணி போர்வைக்கு ஆகாது, மிதியடிக்குப் போடுங்கள். சிவப்பு, கருநீலம், கருப்புச் சாரத் துணி, சுங்குடி இவற்றைச் சோதிக்காமல் தொடாதீர்கள்.

எல்லாத் துணியையும் வெட்டுவதற்கு முன்னாலேயே ஒரு தடவை நனைத்துக் காயவைத்து இஸ்திரி போட்டுவிடுங்கள். கஞ்சி போகும், சுருங்குவது இப்போதே சுருங்கும்.

நடுவில் இலவம் பஞ்சு வைக்கலாமா?

தலையணைக்கு இலவத்தை அடிக்க ஒன்றும் இல்லை. போர்வைக்கு வேண்டாம். இழை வழுவழுப்பானது, ஒன்றையொன்று பிடிக்காது. நாலு துவையலில் மூலைக்கு மூலை உருண்டையாகிவிடும். நம் கரிசல்காட்டுக் கருங்கண்ணிப் பருத்தியை அடித்துப் பரப்பி வைக்கலாம், ஆனால் மேல்தையல் இரண்டு இஞ்சுக்கு ஒரு தடவை ஓட வேண்டும். மெத்தைக் கடையில் கிடைக்கும் பாலியஸ்டர் பஞ்சு ஷீட்டில் 100 ஜிஎஸ்எம் (ஒரு சதுர மீட்டருக்கு 100 கிராம்) வாங்கினால் நான்கு இஞ்ச் இடைவெளியே போதும். சீக்கிரம் காயும். 200 வாங்கிவிட்டு மிதி மெஷினில் தள்ள முடியாமல் திண்டாடினவர்கள் என்னிடம் வந்திருக்கிறார்கள்.

மூன்று அடுக்கையும் தைக்கும்போது சுருக்கம் விழுகிறதே?

அவசரத்தில் இழையோட்டாமல் விட்டிருப்பீர்கள். அடித்துணியைத் தரையில் இழுத்து விரித்து ஓரங்களில் டேப் ஒட்டுங்கள். அதன்மேல் பஞ்சு, அதன்மேல் மேல்துணி. நடுவிலிருந்து ஓரத்துக்கு உள்ளங்கை அகலத்துக்கு ஒரு வரி என்று கைத்தையல் ஓட்டுங்கள். நம் ஊர்த் தளத்தில் குத்துக்கால் போட்டு உட்கார்ந்து செய்கிற வேலை, இரண்டு பேர் இருந்தால் ஒரு மணி நேரம். எங்கள் வீட்டில் மதினிதான் எனக்குத் துணை. வம்பு பேசிக்கொண்டே முடித்துவிடுவோம்.

மெஷினில் 16 நம்பர் ஊசி போடுங்கள், துண்டுகளைச் சேர்க்கும்போது 14 போதும். தையலைப் பெரிதாக வையுங்கள், 3 மில்லிமீட்டருக்குக் குறையாமல். பாதத்தின் அழுத்தத் திருகைக் கொஞ்சம் தளர்த்துங்கள். எப்போதும் நடுவில் தொடங்கி வெளியே போங்கள். போர்வையின் கனம் மேஜைக்குக் கீழே தொங்கினால் அது ஊசியை இழுத்து உடைக்கும், பக்கத்தில் ஒரு ஸ்டூல் போட்டுத் தாங்குங்கள்.

விலங்கின் மேல் தைக்காதீர்கள். அதைச் சுற்றி ஒரு வளையம், அதைச் சுற்றி இன்னொன்று என்று குளத்தில் கல் விழுந்த மாதிரி விரித்துக்கொண்டு போனால் உருவம் புடைத்து நிற்கும். நாரைக்கும் கூழைக்கடாவுக்கும் கீழே அலை அலையாக நாலு வரி ஓட்டுங்கள், தண்ணீர் வந்துவிடும்.

கைக்குழந்தைக்குப் போர்த்தலாமா?

ஒரு வயது நிறையும்வரை தூங்கும்போது போர்த்த வேண்டாம், தொட்டிலுக்குள்ளும் தளர்வாகப் போட வேண்டாம்; முகத்தில் விழுந்தால் குழந்தையால் விலக்க முடியாது. கண் முன்னால் தரையில் விரித்துக் குப்புறப் போட்டு விளையாடவிடுங்கள். இதைச் சொன்னால் வியாபாரம் கெடும் என்று ஒரு அக்கா கண்டித்தாள். கெட்டுப் போகட்டும். பிள்ளைப் போர்வையில் விலங்கின் கண்ணுக்குப் பொத்தான் வைக்காதீர்கள், பிடுங்கி வாயில் போட்டுக்கொள்ளும். நூலில் போடுங்கள்.

எப்படித் துவைப்பது?

குளிர்ந்த தண்ணீர், கொஞ்சமாகச் சோப்புத்தூள். கல்லில் அடிக்க வேண்டாம், முறுக்கிப் பிழியவும் வேண்டாம். நனைந்த போர்வை ஆள் கனம் கனக்கும், ஒற்றைக் கொடியில் போட்டால் நீண்டுவிடும். இரண்டு கொடியில் பரத்திப் போடுங்கள், நிழலில், படம் உள்பக்கமாக. ராதாபுரம், வள்ளியூர் பக்கத்து உப்புத் தண்ணீரில் சோப்பு நுரைக்காது, துணியும் விறைக்கும். கடைசி அலசலுக்காவது நல்ல தண்ணீர் வையுங்கள். எடுத்து வைக்கும்போது நன்றாகக் காய்ந்திருக்க வேண்டும். பிளாஸ்டிக் பைக்குப் பதில் பழைய வேட்டியில் சுற்றி, வசம்புத் துண்டு ஒன்று போட்டு வையுங்கள்.

கார்ட்டூன் எலி, பூனை தைத்து விற்கலாமா?

உங்கள் பிள்ளைக்குத் தைத்தால் யாரும் கேட்கப் போவதில்லை. விற்பதற்கு வேண்டாம், அந்த உருவங்களுக்கு உரிமைக்காரர்கள் இருக்கிறார்கள். வேம்பூர் ஆட்டுக்கு அந்தத் தொல்லை இல்லை.

ஆச்சி சேலை ஒண்ணு இருக்கு. போர்வையா ஆக்கணும்னு ஆசை, ஆனா கத்தரி வைக்க மனசு வரல.

வெட்ட வேண்டாம். சேலையை முழுசாக மடித்து அடித்துணியாகப் போட்டுவிடலாம், வேட்டிக்குப் பதில். சுங்குடியாக இருந்தால் சாயம் போகிறதா என்று மட்டும் முன்னாலேயே பார்த்துக்கொள்ளுங்கள். நூல் இற்றுப்போன இடம் இருந்தால் அதன் உள்பக்கம் மெல்லிசாக ஒரு மல் துணி வைத்து இழையோட்டிவிடுவேன். மேலே ஆச்சி வளர்த்த எதுவாவது, கோழியோ பசுவோ, இரண்டு மூன்று கட்டத்தில். முந்தானை விழும் பக்கத்தைத் தலைமாட்டுக்கு வைத்துத் தருகிறேன், போர்த்தும்போது கன்னத்தில் படுகிற மாதிரி.